ராசாவுக்கு வேலியில் ஒரு பொட்டு

தோற்றுப்போய் வீட்டுக்கு வருகிற எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு காரணத்தையும் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். நெல் பொய்த்தால் விதை சரியில்லை. குழம்பு பிழைத்தால் புளி சரியில்லை. நான் அந்த ஒரு வருடத்தில் சொன்ன காரணங்களை அடுக்கினால் ஒரு வைக்கோல் போர் வரும். மவுஸ், ரெலிபோன் லைன், கரண்ட், தலைக்கு மேலே சுற்றிய பான், பக்கத்துக் கூண்டுக்குள் இருந்து சுவிஸில் இருக்கும் மகனோடு அழுதழுது கதைத்த ஒரு மனுசி, எல்லோரும் சேர்ந்துதான் என்னைச் செஸ்ஸில் தோற்கடித்தார்கள். எதிரே இருந்து விளையாடியவர் மட்டும் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

(நீங்கள் சரியாகத்தான் வாசிக்கிறீர்கள். செஸ்தான். மூன்றாம் வகுப்போடு கொப்பியை மூடிவிட்டு வயலுக்குள் இறங்கிய பறுவதம்தான். கொம்பியூட்டரில்தான்.)

அது சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாய்கிற ஒரு குடியேற்றத்தில் வயல் செய்துகொண்டிருந்தோம். எங்கள் காணி ஒன்று. பக்கத்துக் காணி இவருடைய தங்கச்சி பூமணியுடையது. (இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இனிப் பழகவும் ஏலாது.) இரண்டு காணிக்கும் நடுவே வேலி. வன்னிக்கு வந்தாலும் யாழ்ப்பாணத்துக் கை போகுமா? பனையோலையை நெருக்கி வைத்து நானே நின்று கட்டுவித்த வேலி. இந்தப் பக்கம் நான் நெல்லுக் குத்தினால் அந்தப் பக்கம் சத்தம் கேட்குமே தவிர உலக்கை தெரியாது.

ஆனால் எவ்வளவு நெருக்கமான வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும். ஓர் ஆள் குனிந்து புகுந்து போகிற அளவுக்கு ஓலையை விலக்கிவிட்ட இடம். ஒற்றுமையாக இருக்கிற இரண்டு வீட்டுக்கு நடுவே அது கட்டாயம். அதன் வழியாகக் கறி போகும், உப்பு வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போகும். எங்களுக்குத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வந்தது. எங்கள் கிணறு சவர். பூமணியின் கிணறு இளநீர்.

ஒருநாள் அந்தப் பொட்டின் வழியாகப் பூமணியின் ஆடு வந்தது. கத்தரிக் கன்று முழுவதையும் தின்றது. அது போதாதென்று, கோயிலுக்குக் கட்டவென்று தோய்த்துக் கொடியில் காயப் போட்டிருந்த என் நீலச் சேலையின் தலைப்பையும் மென்றது. நான் ஆட்டைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"பூமணி! உன்ரை ஆடு செய்திருக்கிற வேலையைப் பார்!"

அவள் ஆட்டைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தாள்.

"சேலைக்கொடியை ஆரும் உவ்வளவு தாழக் கட்டுவினமே மச்சாள்? ஆடு கண்டுதோ அது சேலையெண்டு?"

"அப்ப பிழை என்னிலை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆட்டிலை இல்லையெண்டு சொல்லுறன்."

அன்று பின்னேரமே பொட்டை அடைத்தேன். பனைமட்டை வைத்து, முள்ளுக்கம்பி சுற்றி, அதற்கு மேலும் ஒரு வரிசை ஓலை. இவர் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் கட்டுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தண்ணிக்கு என்ன செய்யப் போறீர்?"

அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி வாசிகசாலைக் கிணற்றுக்கு நடந்தேன். கேட்டவர்களிடம், நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் பெரியத்தான் வந்தார். இவருக்கும் பூமணிக்கும் மூத்தவர். லண்டனில் எத்தனையோ காலம். பாதை திறந்ததென்று எல்லோரும் வந்தபோது அவரும் வந்தார். வந்த மனுசனுக்குக் காலைத் தேத்தண்ணீர் எங்கள் வீட்டில், இடியப்பம் தங்கச்சி வீட்டில். நடுவே பொட்டில்லை. அவர் நோகும் முழங்காலோடு படலையால் போய், ஒழுங்கையால் நடந்து, றோட்டில் ஏறி, மறுபடி இறங்கி அங்கே போய்ச் சேர இடியப்பம் ஆறிவிடும்.

"பறுவதம், உந்தப் பொட்டைத் திறந்து விடன்" என்று தினமும் கேட்டார்.

"ஆட்டிலை பிழையெண்டு அவள் ஒரு சொல்லுச் சொல்லட்டும் அத்தான்."

"ஆட்டிலை இல்லாத பிழையை நான் ஏன் சொல்லுறன்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். (உலக்கைதான் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.)

போவதற்கு முன் ஒருநாள் மழை. பெரியத்தான் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே செஸ் பலகையைக் கண்டுவிட்டார். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த நாட்களில், பக்கத்துப் பாயில் இருந்த குடும்பத்திடம் நானும் இவரும் பழகிய விளையாட்டு அது. அன்றிலிருந்து இவரை நான் விழுத்தாத நாளில்லை. இவரோடு மட்டும் விளையாடிவிட்டு, நாடு முழுவதும் வென்ற ஆள் மாதிரி நடந்து திரிந்தேன்.

பெரியத்தான் விளையாடினார். நான் தோற்றேன். கண்ணாடி சரியில்லை என்றேன்.

"சரி, ஒரு பந்தயம்" என்றார். "நான் லண்டனுக்குப் போனாப்பிறகு இன்ரநெற்றிலை விளையாடுவம். பொங்கலுக்கு முன்னம் நீ என்னை ஒருக்கா, ஒரேயொருக்கா வெண்டாலும் போதும். பூமணி எல்லாருக்கும் முன்னாலை வந்து ஆட்டிலைதான் பிழையெண்டு சொல்லுவாள்."

"வெல்லாட்டில்?"

"பொட்டைத் திறக்க வேணும். நீயே திறக்க வேணும். உன்ரை கையாலை."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எனக்குச் சம்மதம்!" என்று குரல் வந்தது. பிறகு எனக்குச் சம்மதமில்லாமல் போகுமா?

இவருக்கு மாதத்துக்கு ஒருதரம் வவுனியா ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். துணைக்குப் போகிற நான், இவர் மருந்துக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் நிஸ்தார் தம்பியின் கொமினிகேசனில் போய் இருப்பேன். வெளிநாட்டுக்கு ரெலிபோன் கதைக்கிற கூண்டுகள் ஒரு பக்கம், இன்ரநெற் பெட்டிகள் மறுபக்கம். நிஸ்தார் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வியாபாரி. நாற்பது வயது, மெல்லிய தாடி, அளந்து பேசுகிற மனுசன். எனக்கென்று ஒரு பெயர் பதிந்து, மவுஸைப் பிடிக்கக் காட்டித் தந்தார். நான் அதை அரிவாளைப் பிடிப்பதுபோல் பிடித்தேன்.

"மெல்லமா அம்மா. அது ஓடாது."

லண்டனில் அப்போது விடிந்திருக்காது. பெரியத்தான் போர்வைக்குள் இருந்துகொண்டு விளையாடுவார். விளையாடுவார் என்ன, ஒவ்வொரு மாதமும் வெல்லுவார். நான் ஒவ்வொரு மாதமும் ஒரு காரணத்தோடு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வீட்டுக்கு வருவேன்.

நிஸ்தார் தம்பி முதல் மாதமே ஒரு விஷயம் சொன்னார். "அம்மா, விளையாடின விளையாட்டெல்லாம் இதுக்குள்ளை அப்பிடியே கிடக்குது. இந்த அம்புக்குறியை அமத்தினால் ஒவ்வொரு நகர்த்தலாத் திருப்பிப் பாக்கலாம். எங்கை பிழைச்சனீங்கள் எண்டு தெரியும்."

"தோத்ததைத் திருப்பிப் பாக்கிறதோ? ஒரு செத்தவீட்டை இரண்டாந்தரம் ஆரும் செய்வினமே தம்பி?"

பெரியத்தானும் ரெலிபோனில் சொல்லிப் பார்த்தார். "பறுவதம், நீ ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்ப விடுறாய். ஒருக்கா இருந்து பார்."

"என்ன பிழையெண்டு சொல்லுங்கோவன்."

"நான் சொன்னால் நீ கேட்பியோ?"

அது உண்மை. கேட்டிருக்க மாட்டேன்.

மார்கழி முடியப் போகிறது. பொங்கலுக்கு முன் ஒரேயொரு கிளினிக்தான் மிச்சம். கடைசி விளையாட்டு. அதற்குச் சாட்சியாகப் பூமணியும் வர வேண்டும் என்று பெரியத்தான் சொல்லிவிட்டார். காலையில் பஸ்ஸில் ஏறினால் நான் ஒரு கரையில், அவள் மறுகரையில், நடுவே இவர். எங்களுக்குள் பேச்சில்லை. ஆனபடியால் இவர்தான் வாய்.

"இஞ்சாருங்கோ, உங்கடை தங்கச்சியை யன்னலைக் கொஞ்சம் பூட்டச் சொல்லுங்கோ. குளிருது."

இவர் தலையை ஒரு பக்கம் திருப்பி, "பூமணி, யன்னலைப் பூட்டட்டாம்."

"காத்து வேணுமெண்டு சொல்லுங்கோ அண்ணை."

இவர் தலையை மறுபக்கம் திருப்பி, "காத்து வேணுமாம்."

வவுனியாவில் இறங்கும்போது இவருக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது. கண் கிளினிக்குக்குப் போனவர் கழுத்துக்கும் எண்ணெய் வாங்கினார்.

நான் ஊரில் முதல் நாளே சொல்லிவிட்டேன், நாளைக்கு வென்றுவிட்டுத்தான் வருவேன் என்று. போகிற வழியில் சந்தையில் மரக்கறி விற்கிற மனுசியிடமும் சொன்னேன். கொமினிகேசனில் வரிசையில் இருந்தவர்களிடமும் சொன்னேன். நீலச் சேலைதான் கட்டியிருந்தேன். கடித்த தலைப்பை வெட்டிவிட்டு ஓரம் மடித்துத் தைத்தது. பூமணி பார்க்கட்டும் என்று.

விளையாட்டுத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, கை அப்படி ஓடியது. ராசாவை வழக்கம்போல மூலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள், தோளோடு தோள் முட்டி, ஓலை வேலி மாதிரி. அந்த மூவரையும் நான் ஒருநாளும் அசைத்ததில்லை. இனி ஒரு பயமுமில்லை என்று மிச்சப் படையோடு இறங்கினேன். அத்தானுடைய ராணியை எடுத்துவிட்டேன்!

"நிஸ்தார்! ராணி செத்திட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் ரெலிபோன் கூண்டுக்குள் இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். கனடாவுக்குக் கதைக்க நின்ற வரிசை கலைந்து என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றது. நான் கதிரையைத் திருப்பிச் சனத்தைப் பார்த்து இருந்தேன். பெட்டிக்கு முதுகு காட்டி.

"தம்பி, எல்லாருக்கும் ஒரு பிளேன்ரீ சொல்லும். றோல்ஸும் சொல்லும். ஒரு சந்தோசமான காரியம்."

"விளையாட்டு முடியட்டும் அம்மா."

"உது முடிஞ்ச மாதிரித்தான்." பிறகு, மருந்தோடு வந்து நின்ற இவரிடம் திரும்பினேன். "இஞ்சாருங்கோ, உங்கடை தங்கச்சியிட்டைச் சொல்லுங்கோ. பஸ்ஸிலை போகேக்கை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி 'ஆட்டிலைதான் பிழை' எண்டு சொல்லோணும். இப்பவே ஒருக்காச் சொல்லிப் பழகச் சொல்லுங்கோ."

பூமணி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இருந்தாலும் இவர் எண்ணெய் பூசிய கழுத்தை மெதுவாகத் திருப்பினார். "பூமணி, பழகட்டாம்."

பூமணி என் தோளுக்கு மேலால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அத்தான் ஒரு குதிரையைக் கொண்டுவந்து என் கோட்டைக்கு முன்னால் சும்மா விட்டார். காவலில்லாத குதிரை. அதற்குள் வந்துவிட்ட பிளேன்ரீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அரைக்கண்ணால் பார்த்து, மறுகையால் 'டிக்' என்று கோட்டையைக் கொண்டுபோய் அதை வெட்டினேன். அந்தக் கோட்டைதான் கடைசி வரிசையில் ராசாவுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்ன, அப்படி ஒரு வரிசை இருப்பதையே நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அத்தானின் கோட்டை மேலேயிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி வந்து என் கடைசி வரிசையில் நின்றது. பெட்டி ஒரு சின்னச் சத்தம் போட்டது.

நான் ராசாவைப் பிடித்து இழுத்தேன். வந்தார், திரும்பிப் போய் அதே மூலையில் நின்றார். மறுபடி இழுத்தேன். மறுபடி போனார். மவுஸை மேசையில் தட்டினேன். பிறகு (இதைச் சொல்லாமல் விட்டாலும் பூமணி சொல்லுவாள்) விரலைப் பெட்டியின் கண்ணாடியில் வைத்து ராசாவைத் தள்ளினேன். பிளேன்ரீ சேலையில் ஊற்றியது.

"தம்பி, உம்முடைய பெட்டி இறுகிப் போச்சு."

நிஸ்தார் தம்பி குனிந்து பார்த்தார். அந்த மனுசன் ஒருநாளும் சிரிக்காத மனுசன்.

"பெட்டி இறுகேல்லை அம்மா. ராசாதான் இறுகிப் போனார். முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? என்னட்டை ராணி நிக்கிறா. அவரிட்டை என்ன கிடக்கு, ஒரு கோட்டை! எண்ணிப் பாரும்!"

ரெலிபோன் அடித்தது. பெரியத்தான். நிஸ்தார் தம்பி ஒலிபெருக்கியை அமத்தி எல்லோருக்கும் கேட்க வைத்தார்.

"பறுவதம், நிக்கிறியோ?"

"நிக்கிறன் அத்தான். லைன் சரியில்லை. இன்னொருக்கா விளையாட வேணும்."

"லைன் நல்லாத்தான் இருக்கு. நிஸ்தார், உந்தப் பழைய விளையாட்டுகளை அவவுக்கு ஒருக்காத் திருப்பிக் காட்டும்."

அத்தனை சனத்துக்கு முன்னால், சேலையில் தேத்தண்ணீரோடு, நான் என்ன செய்ய? கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தேன். நிஸ்தார் தம்பி அம்புக்குறியை அமத்தினார். முதல் மாதம்: ராசா மூலையில், முன்னால் மூன்று சிப்பாய்கள், கடைசி வரிசையில் அத்தானின் கோட்டை. அடுத்த மாதம்: ராசா மூலையில், மூன்று சிப்பாய்கள், கோட்டை. அதற்கடுத்தது: இந்தமுறை கோட்டைக்குப் பதில் ராணி வந்து நின்றா. மற்றதெல்லாம் அதே. நான் மவுஸ் என்றும், பான் என்றும், சுவிஸ் மனுசி என்றும் சொன்ன ஒவ்வொரு சாவும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. வரம்பு எல்லா வருடமும் ஒரே மடையில்தான் உடைந்திருக்கிறது. நான்தான் மழையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின்னால் நின்றவர்கள் றோல்ஸைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது, ஆடு சேலை தின்ற நாளிலிருந்து என்னோடு ஒரு சொல் பேசாத பூமணி, இவருடைய வாயைக் கேட்காமல், நேரே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயோ மச்சாள், உந்த மூண்டு பேரிலை ஒருத்தனை ஒரு அடி விலத்தி, ராசாவுக்கு ஒரு பொட்டு விட்டிருக்கலாமே!"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த ராசாவுக்காக இரங்கித்தான் சொன்னாள். அதுதான் மோசம். முதலில் ரெலிபோனுக்குள் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு கனடா வரிசை. பிறகு நிஸ்தார் தம்பி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. கடைசியாக இவர். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க ஏலாமல் கிடக்கு, சிரிக்க ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் மூலையில் நின்ற ராசாவைப் பார்த்தேன். தன் ஆட்களாலேயே வேலி அடைத்து, வெளியே போக வழியில்லாமல் நின்றார். குடம்தான் இடுப்பில் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் நடுவே இருக்க மாட்டேன் என்றார். கழுத்துத் தாங்காதாம். யன்னல் கரைக்குப் போய்விட்டார். நானும் பூமணியும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். ஓமந்தை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"உண்மையா அந்தக் குதிரை சும்மாவோ நிண்டது?"

"சும்மாதான் நிண்டது."

"எனக்கெண்டால் ஐமிச்சம் வந்திருக்கும். ஆரும் சும்மா விடுவினமே?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லையே மச்சாள்."

அடுத்த நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். கட்டும்போது நான் எவ்வளவு வேலைகாரி என்பது அவிழ்க்கும்போதுதான் தெரிந்தது. முள்ளுக்கம்பி கையைக் கீறியது, மட்டை வழுக்கியது, கட்டு அறுக்க வராமல் மத்தியானமாகிவிட்டது. அந்தப் பக்கம் பூமணி பலகைக்கட்டையில் இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழை மச்சாள், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கை கொடுக்க ஏலாது. என் கையால்தான் திறக்க வேண்டும் என்பது பந்தயம். கடைசி ஓலையை விலக்கியதும் முதலில் உள்ளே வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆடுதான். என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், பழைய வழியால், கத்தரிப் பாத்திக்கு நேரே போனது.

அந்தப் பொங்கலுக்குப் பானை வைத்தது பூமணியின் கிணற்றுத் தண்ணீரில்.

பிறகு சண்டை மறுபடி மூண்டு, எல்லோருக்கும் வந்த காலம் எங்களுக்கும் வந்தது. வீடும் போனது, வேலியும் போனது. அதை நான் இங்கே எழுத வரவில்லை. திரும்பி வந்து, தகரம் போட்டு, இரண்டு காணிக்கும் நடுவே கம்பி இழுத்தபோது இவர் முதல் கட்டையை நடுமுன் கேட்டார்: "ராசாவுக்கு எவ்விடத்தாலை வழி?" அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வேலி போட்டோம்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒருவர் பிடிவாதம் பிடித்தால் 'பறுவதத்தின்ரை ராசா' என்றுதான் சொல்லுவார்கள். லண்டனில் பெரியத்தான் குளியலறைக் கதவு பூட்டுப்பட்டு உள்ளே அகப்பட்டபோது, கதவை உடைக்க வந்த வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதையைச் சொன்னாராம்.

நான் இப்போதும் அவரோடு விளையாடுகிறேன், வீட்டில் இருந்தே, போனில். தோற்றால் காரணம் தேடுவதில்லை. தேத்தண்ணீர் ஊற்றிவைத்து, முதல் நகர்த்தலிலிருந்து ஆறுதலாகத் திருப்பிப் பார்ப்பேன். எவ்வளவு பிழை இருக்கிறது தெரியுமா! பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

போன மாதம் பெரியத்தானை வென்றேன். முதல் முதலாக. எப்படியென்று நினைக்கிறீர்கள்? அவருடைய ராசா மூலையில், முன்னால் மூன்று சிப்பாய்கள், கடைசி வரிசையில் என் கோட்டை. போனில் கூப்பிட்டு, "அத்தான், பொட்டு?" என்று மட்டும் கேட்டேன். அத்தான் மூன்று சிப்பாயையும் வாய்விட்டு எண்ணினார். பிறகு, "கண்ணாடி சரியில்லை" என்றார்.

உடனே பொட்டால் குனிந்து பூமணியிடம் போனேன். அவளுக்கும் இப்போது தலை முழுக்க வெள்ளை.

"பூமணி, அத்தானை வெண்டிட்டன். இப்பவாவது சொல்லு. ஆட்டிலைதானே பிழை?"

அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் பொங்கலுக்கு முன்னம் வெண்டிருக்கோணும். அதோடை மச்சாள், சேலைக்கொடியைத் தாழக் கட்டினது ஆர்?"

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவசரப்பட்டு நகர்த்துகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.